சிசொமோவுக்கு அம்மா இருந்தாள்

நமுனுகுல பக்கம் ஒரு தோட்டம். மலைச்சரிவில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை. முப்பது நாற்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். காலைப் பனி இன்னும் விலகவில்லை. ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாசனையும் யாரோ பிளாஸ்கில் கொண்டுவந்த இஞ்சித் தேநீரின் வாசனையும் கலந்து அடித்தன.

நான் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, அதில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஐந்து வயதுச் சிறுமி. ஒட்ட வெட்டிய தலை. அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரிதான மஞ்சள் கவுன். கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிள்ளையோட பேரு சிசொமோ. அவங்க பாஷையில கிருபைன்னு அர்த்தம். ஆனா இந்தப் பிள்ளைக்கு உலகத்துல யாருமே இல்லை. அம்மாவும் செத்துட்டாங்க" என்றேன்.

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் அழுதாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் கட்டடம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம்.

படத்தில் இருந்த பிள்ளையின் அம்மா அப்போது உயிரோடுதான் இருந்தாள். எனக்கு அது தெரியும்.

ஐந்து வாரம்

இந்தப் பத்திரிகைத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து "மலாவிப் பயணத்தை எழுதுங்கள் டீச்சர்" என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் வாழ்க்கையை மாற்றிய பயணம் என்று நானே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். மாற்றியது உண்மைதான். எப்படி மாற்றியது என்பதை இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது பத்து வருடங்களுக்கு முன்னால் நடந்தது. பதுளையில் ஒரு பாலர் பாடசாலையில் நான் ஆசிரியை. எங்கள் சபையின் ஜெயசீலன் பாஸ்டருக்கு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் தெற்கில் இருந்த ஒரு சிறுவர் இல்லத்தோடு கடிதப் பழக்கம். அங்கே ஐந்து வாரம் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்ய ஆறு பேரைத் திரட்டினார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவள். அம்மா இன்றைக்கும் மாரியம்மனுக்குத்தான் விளக்கேற்றுகிறாள். ஞானஸ்நானத்தில் எனக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள். ஊரே என்னை ரூத் டீச்சர் என்கிறது. அம்மாவுக்கு மட்டும் நான் இன்னும் ஈஸ்வரி.

"அவ்வளவு தூரம் போயி என்னா செய்யப் போற?" என்று கேட்டாள்.

"தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்கம்மா. பாத்துக்கப் போறேன்."

அம்மா எழுந்து உள்ளே போனாள். என் பெட்டியில் இரண்டு போத்தல் எலுமிச்சை ஊறுகாயைச் சுற்றி வைத்தாள்.

அங்கேயும் தேயிலை

ஆப்பிரிக்கா என்றதும் மணலும் வெயிலும்தான் என் மனதில் இருந்தன. போய் இறங்கிய மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தேன். தேயிலை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தேயிலை. அதற்குப் பின்னால் தலையில் மேகம் கட்டிய ஒரு பெரிய மலை. சரிவில் பெண்கள் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசை வீடுகள், பொதுக் குழாய், குழாயடியில் சண்டை. எங்களோடு வந்த ஒருவர், "இதுக்கா இத்தனை பிளேன் மாறி வந்தோம்?" என்று கேட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஏமாற்றமாக இருந்தது. நான் வேறு மாதிரியான ஒரு துயரத்தைத் தேடிப் போயிருந்தேன்.

இல்லத்தில் நாற்பதுக்குக் குறையாத பிள்ளைகள். சமையல்காரி எஸ்தர்தான் எங்களுக்கு எல்லாம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கணீரென்ற குரல். சோள மாவைக் கிளறிக் கட்டியாக்கி, நம் களியைப் போலவே கையால் உருட்டிச் சாப்பிடக் கொடுப்பாள். என் அரைகுறை ஆங்கிலமும் அவளுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று நன்றாகவே ஒத்துப்போயின.

சிசொமோ யாரோடும் பேசமாட்டாள். நான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது கடைசி வரிசையில் நிற்பாள். இரண்டாவது வாரம் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள், கீழே விட்டாள். மறுநாளும் அதையே செய்தாள். அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை இல்லை. ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இல்லத்தின் கேற்றுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். முழங்கால் வரை செம்மண் புழுதி. கையில் வாழை இலைப் பொட்டலம். சிசொமோ என் மடியிலிருந்து குதித்து ஓடினாள். அந்த ஓட்டத்தில் அவள் கத்தியதுதான் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல். "அமாயி!"

அமாயி என்றால் அம்மா. அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை.

"அவ பேரு ஆக்னஸ்" என்றாள் எஸ்தர். "புருஷன் செத்துட்டான். தூரத்துத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறா. அங்க பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. அதனாலதான் இங்க விட்டிருக்கா. மாசத்துல ஒரு ஞாயிறு நாலு மணி நேரம் நடந்து வருவா."

"இங்க இருக்கிற பிள்ளைங்க எல்லாம் அநாதைன்னுதானே சொன்னாங்க?"

எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். "யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

ஆக்னஸ் அன்று மாலைவரை இருந்தாள். பொட்டலத்தில் வறுத்த கடலை. மகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தோல் நீக்கி ஊட்டினாள். நான் தூரத்தில் இருந்து பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை இன்றுதான் முதன்முதலாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

குவைத்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். என்னைப் பதுளையில் ஒரு சபையின் விடுதியில் விட்டுப் போனாள். இரண்டு வருடத்தில் வருவேன் என்றவள் ஒன்பது வருடம் கழித்துத்தான் வந்தாள். இடையில் கடிதங்கள், எப்போதாவது ஒரு கேசட். அதில் அம்மா பேசியிருப்பாள். பின்னால் அரபியில் யாரோ கத்துவது கேட்கும்.

விடுதியில் என் வகுப்பில் இருந்த ஒருத்தி, "நீ அம்மா இல்லாதவதானே" என்றாள். கோடு போடும் மர அடிமட்டத்தால் அவள் நெற்றியில் அடித்துவிட்டேன். இரத்தம் வந்தது. வார்டன் அம்மா காரணம் கேட்டபோது, "எங்கம்மா இருக்காங்க. குவைத்துல இருக்காங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்று நாள் முழங்காலில் நிற்க வைத்தார்கள். வலித்ததாக நினைவில்லை.

அப்படிப்பட்ட நான்தான் ஆக்னஸுக்கு அதைச் செய்தேன்.

அழுகைக்காக

மலாவியிலிருந்து திரும்பி வந்ததும் முதலில் எங்கள் பதுளைச் சபையில் எழுந்து, போய்வந்ததைச் சாட்சியாகச் சொன்னேன். அன்று நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பிள்ளையின் அம்மா தூரத்தில் கொழுந்து பறிக்கிறாள், மாதம் ஒரு தடவை நடந்து வருகிறாள் என்றேன். எல்லோரும் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து போகும்போது, "நம்ம தோட்டத்துப் புள்ளைங்க மாதிரியே இருக்குங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்தப் பெரியவர் சொன்னதை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் என் ஊழியமே வேறாகியிருக்கும். பிடிக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவ்வளவு தூரம் போய்வந்தவள் நான். என் சொல்லுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்று வீட்டில் குமைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறுதான் நமுனுகுல. மைக்கைப் பிடித்தபோது பொய் சொல்லவேண்டும் என்று திட்டமிடவில்லை. "யாருமே இல்லை" என்று வாய் சொன்னது. அதன்பின் அம்மாவும் இருக்கக்கூடாது அல்லவா? சாகடித்துவிட்டேன். சபை அழுதது. வெளியே வந்தபோது இரண்டாவது வரிசையில் அழுத பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையின் சூட்டோடு நான் மலை இறங்கினேன்.

அதன்பிறகு பண்டாரவளை, எல்ல, பசறை, லுணுகலை என்று எத்தனையோ சபைகள். ஒவ்வொரு இடத்திலும் ஆக்னஸின் சாவு கொஞ்சம் வளர்ந்தது. ஓர் இடத்தில் யாரோ வீடியோ எடுத்தார்கள். பாஸ்டர் அதற்கு ஆங்கில வசனம் போட்டு இணையத்தில் ஏற்றினார். என்னைச் சிறுவர் ஊழியத்துக்குத் தலைவி ஆக்கினார்கள்.

சில மாதங்களில் பாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். நான் பதுளைச் சந்தையில் முட்டைக்கோவா பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், அந்த இல்லத்துக்கு உதவி செய்றவங்க நம்ம வீடியோவைப் பாத்திருக்காங்க. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைங்களுக்குத் தலைநகரத்துல பெரிய இல்லமும் ஸ்கூலும் இருக்காம். சிசொமோவை அங்க எடுக்கப் போறாங்க. அம்மா இறந்தது உறுதிதானேன்னு கேக்கிறாங்க. நேர்ல பாத்தவங்க எழுதிக் குடுக்கணுமாம்."

கடைக்காரர் கோவாவைத் தராசில் நிறுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் ஒரு சொல் போதும். "இல்லீங்க பாஸ்டர்."

"ஆமாங்க பாஸ்டர்" என்றேன்.

மறுநாள் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாஸ்டரும் போட்டார். நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கிறது, பிள்ளைக்கு நல்லதுதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எஸ்தரின் குரல்

எஸ்தரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அவள் கத்தவில்லை. அந்தக் கணீர்க் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ரூத், ஆக்னஸ் நேத்து வந்தா. பிள்ளை இல்லை. பஸ்ஸுல ஒரு முழு நாள் போகவேண்டிய ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க. நீ செத்துட்டதா காகிதம் இருக்குன்னு புது மேனேஜர் அவகிட்டயே சொன்னாரு. நான்தான் அவ அம்மான்னு ஆக்னஸ் சொன்னா. அதுக்கு என்ன சாட்சின்னு கேட்டாரு. நானும் சொன்னேன். சமையல்காரி பேச்சை யார் எடுப்பாங்க? பொழுது சாயும்வரைக்கும் கேற்றுக்கிட்ட உக்காந்திருந்தா. ரூத், அந்தக் காகிதத்தை எழுதினது யாரு?"

நான் பதில் அனுப்பவில்லை.

ஒரு கடிதம் போதும். நான் எழுதியது பொய் என்று ஒரு கடிதம். நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு கிறிஸ்மஸ் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு பாலர் விழா வந்தது. இப்படியே ஏழெட்டு மாதம். அந்த மாதங்களிலும் மேடை ஏறினேன். அதே படம், அதே கவுன், அதே பேச்சு. இதை வாசிக்கும்போது உங்களுக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்.

ஹல்துமுல்லை பஸ்

ஹல்துமுல்லையில் ஒரு கூட்டம். அம்மா என்றுமே என் சபைக் கூட்டத்துக்கு வந்ததில்லை. அன்று அவளாகவே, "நீ எப்படிப் பேசுறன்னு பாக்கணும்" என்று சொல்லி, நல்ல சேலை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். கடைசி வரிசையில் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தாள். நான் பேசினேன். எல்லோரும் அழுதார்கள். அம்மா அழவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்புத்தளை ஏற்றத்தில் முகில் உள்ளே வந்தது. கண்ணாடியை இழுத்து மூடிவிட்டுக் கேட்டாள்.

"ஈஸ்வரி, அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்குன்னு சொன்னியே. கடலை கொண்டாந்து குடுத்தான்னு வந்த அன்னைக்கே என்கிட்ட சொன்னியே. எப்போ செத்தா?"

"சாகலைம்மா."

"அப்ப ஏன் செத்துட்டான்னு சொன்ன?"

"அப்படிச் சொன்னாத்தான் ஆளுங்க கேக்குறாங்க."

 பண்டாரவளையில் பாதிப்பேர் இறங்கினார்கள். பஸ் மறுபடி கிளம்பியதும் அம்மா மடியில் இருந்த பையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் குவைத்துல இருந்தப்ப என்னையும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்லம்மா."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

 அடிமட்டக் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். என் வாயில் இருந்து வரும் எந்தக் கதையையும் அவள் இனி நம்பவேண்டிய அவசியமில்லை என்று தோன்றியது. சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் காலையில் பாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நானும் கையெழுத்துப் போட்டேனே டீச்சர். உங்களை நம்பித்தானே போட்டேன்."

அன்றே கடிதம் எழுதினோம். வரும் ஞாயிறு சபையில் நானே எழுந்து சொல்லவேண்டும் என்றார். சொன்னேன். அன்று யாரும் அழவில்லை. ஊழியப் பொறுப்பை விட்டு விலகினேன். மற்றச் சபைகளுக்குப் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு வரவே இல்லை. நமுனுகுலயில் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது. இந்த வாரப் பத்திரிகை அவள் தோட்டத்துக்கும் போகும் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா

கடிதம் போய், விசாரித்து, ஆக்னஸ் ஊர்த் தலைவரிடம் சாட்சி வாங்கி, பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னும் ஒரு வருடம் போய்விட்டது. சிசொமோவுக்கு அப்போது ஏழு வயது தாண்டியிருந்தது. அம்மா செத்துவிட்டாள் என்று அங்கே அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள்.

வண்டியில் இருந்து இறங்கியவள் ஆக்னஸிடம் போகவில்லையாம். எஸ்தரின் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். நெடுநாள்வரை ஆக்னஸைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாளாம். அம்மா என்ற சொல்லை அவள் ஏற்கெனவே அழுது முடித்துவிட்டாள் என்றாள் எஸ்தர்.

அந்த ஓட்டத்தை நான் கண்ணால் பார்த்தவள். கேற்றை நோக்கி அந்தப் பிள்ளை ஓடிய ஓட்டம். அதை அந்தத் தாய்க்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்போது சிசொமோவுக்குப் பதினைந்து வயது இருக்கும். தாயும் மகளும் எஸ்தர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிறாள். அம்மா என்று மறுபடி கூப்பிட ஆரம்பித்துவிட்டாளா என்று எஸ்தரிடம் கேட்டேன். "சில நாள்" என்றாள்.

ஆக்னஸிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வருடக்கணக்காக எஸ்தரிடம் சொல்லிவந்தேன். போன மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் எஸ்தர் வீடியோ அழைப்பில் வந்தாள். போனை ஆக்னஸ் பக்கம் திருப்பினாள்.

தலைமுடி நரைத்திருந்தது. என் வயதுதான் அவளுக்கு. நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். எஸ்தர் அதைத் தங்கள் மொழியில் சொன்னாள். ஆக்னஸ் தலையை ஆட்டாமல் கேட்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பிறகு ஏதோ கேட்டாள். எஸ்தர் அதை எனக்குச் சொல்லத் தயங்கினாள். ஆக்னஸ் அவள் தோளைத் தட்டினாள்.

"உன் கதையில அவ எப்படிச் செத்தான்னு கேக்கிறா" என்றாள் எஸ்தர்.

 "காய்ச்சல்ல" என்றேன். "மழைக்காலத்துல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் இல்லாம."

எஸ்தர் சொன்னாள்.  ஆக்னஸ் போனை எஸ்தர் கையில் இருந்து தானே வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இந்தத் தடவை மெதுவாக, எனக்கே புரியவேண்டும் என்பதைப் போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். புரியவில்லை. பின்னால் இருந்து எஸ்தர் சொன்னாள்.

"அப்போ மகள் பக்கத்துல இருந்தாளான்னு கேக்கிறா."

எத்தனையோ சபைகளில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அழுதவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

"இல்லை. தனியாத்தான் செத்தாங்க" என்றேன்.